அக்குபஞ்சருக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்குமா? அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலிபோர்னியாவில் சின்னச் சின்ன அக்குபஞ்சர் கிளினிக்குகளுக்கு பில்லிங் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் நம்மவர்கள் நிறைய. கிளினிக் முன்மேசையில் கேட்கும் சந்தேகங்களைத்தான் தமிழ்ச் சங்க விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். மாநிலச் சட்டம் வரும் இடங்களில் எல்லாம் கலிபோர்னியாவை வைத்துத்தான் பதில். உங்கள் பிளான் பத்திரத்தில் வேறு மாதிரி இருந்தால் பத்திரத்தில் உள்ளதே செல்லும்.

அக்குபஞ்சருக்கெல்லாம் இன்ஷூரன்ஸ்ல பணம் தருவாங்களா?

தருகிறார்கள். ஆனால் எல்லா பிளானும் தராது, தருகிற பிளானும் எல்லாத் தொந்தரவுக்கும் தராது. கலிபோர்னியாவில் தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் விற்கப்படும் பிளான்களில் அக்குபஞ்சர் கட்டாயப் பலன்களில் ஒன்று. அதுவும் பெரும்பாலும் குமட்டலுக்கும் நாள்பட்ட வலிக்கும்தான். வேறு மாநிலங்களில் இந்தக் கட்டாயப் பட்டியல் வேறு.

நம்மவர்கள் பலர் வேலை பார்க்கும் பெரிய ஐடி கம்பெனிகளின் கதை தனி. அங்கே மருத்துவச் செலவைக் கம்பெனியே தன் பணத்திலிருந்து கொடுக்கும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் கணக்குப்பிள்ளை வேலை மட்டும் பார்க்கும். இந்த பிளான்கள் 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால் மாநிலக் கட்டாயம் இவற்றைத் தொடாது. கார்டில் ஒரே இன்ஷூரன்ஸ் பெயர் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

என் பிளான்ல இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கார்டுல ஒண்ணும் போடலையே?

கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஆனால் "அக்குபஞ்சர் கவர் ஆகுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆகும்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள்; அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 97810 என்ற கோடுக்கு (code, பில்லில் சிகிச்சையைக் குறிக்கும் எண்) பணம் உண்டா, எந்தெந்த நோய்க்கு, வருடத்துக்கு எத்தனை விசிட், டிடக்டிபிள் முடிந்திருக்க வேண்டுமா, முன் அனுமதி தேவையா, லைசென்ஸ் பெற்ற அக்குபஞ்சரிஸ்ட் செய்தால் ஏற்பார்களா அல்லது எம்.டி.தான் செய்ய வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி, அழைப்புக்கான ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வந்தால் கையில் இருக்கும் ஆயுதம் அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில நிறுவனங்கள் அக்குபஞ்சர், கைரோப்ராக்டிக் இரண்டையும் வேறொரு மேலாண்மை நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கும். அப்போது உங்கள் இன்ஷூரன்ஸ் வலைத்தளத்தில் காட்டும் டாக்டர் பட்டியல் ஒன்று, அக்குபஞ்சருக்கான நெட்வொர்க் (இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்கள்) வேறொன்று. இதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

டிடக்டிபிள், கோபே, கோஇன்ஷூரன்ஸ்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. டிடக்டிபிள் என்பது வருடத் தொடக்கத்திலிருந்து உங்கள் கைப்பணத்தில் தீர்க்க வேண்டிய தொகை. கோபே ஒவ்வொரு விசிட்டுக்கும் நிலையான தொகை. கோஇன்ஷூரன்ஸ் சதவீதக் கணக்கு.

கணக்குக்காக ஓர் உதாரணம். கிளினிக் கட்டணம் 120 டாலர். நெட்வொர்க் ஒப்பந்தப்படி இன்ஷூரன்ஸ் ஏற்கும் தொகை 70. உங்கள் கோபே 25. நீங்கள் 25 கொடுப்பீர்கள், அவர்கள் 45 கொடுப்பார்கள். மிச்சம் 50-ஐ கிளினிக் கழித்துவிட வேண்டும், உங்களிடம் கேட்கக் கூடாது. டிடக்டிபிள் பொருந்துகிற பிளானாக இருந்து அது இன்னும் முடியவில்லை என்றால் அந்த 70-ம் உங்கள் தலையில்தான். "டிசம்பர்ல 25தான் வாங்கினீங்க, ஜனவரியில 70 கேக்குறீங்களே" என்று ஒவ்வொரு ஜனவரியிலும் யாராவது கோபிப்பார்கள். வருடம் மாறியதும் டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான்.

டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வரணுமா?

பிபிஓ (டாக்டரை நீங்களே நேரே தேர்ந்தெடுக்கும்) பிளானில் பெரும்பாலும் வேண்டாம். எச்எம்ஓ (எல்லாம் குடும்ப டாக்டர் வழியாகப் போகும் பிளான்) என்றால் உங்கள் குடும்ப டாக்டரின் ரெஃபரல் இல்லாமல் அநேகமாக நகராது. வேண்டாத இடத்திலும் ஒரு ரெஃபரல் கையில் இருந்தால் கிளெய்ம் (இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்புவது) தகராறில் உதவும் என்பது என் அனுபவம்.

எந்த நோய்க்குக் கொடுப்பாங்க, எதுக்குக் கொடுக்க மாட்டாங்க?

நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, ஒற்றைத் தலைவலி, மூட்டுத் தேய்மான வலி, கீமோதெரபியால் வரும் குமட்டல் ஆகியவை பல பிளான்களின் பட்டியலில் இருக்கும். குழந்தைப்பேறு, உடல் எடை, தூக்கமின்மை, மனஅழுத்தம், அழகுக்காக முகத்தில் போடும் ஊசி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை.

பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. நோய்க்கான கோடும் சரியாக இருக்க வேண்டும். கீழ்முதுகுவலிக்குப் பல வருடங்கள் பயன்பட்ட எம்54.5 என்ற கோடு 2021 அக்டோபர் 1 முதல் செல்லாது. அதற்குப் பதில் எம்54.50, எம்54.51, எம்54.59 என்று மூன்றாகப் பிரித்தார்கள். பழைய கோடைப் போட்டு அனுப்பினால் வலி உண்மைதானா என்று பார்க்குமுன்பே கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிடும்.

வலி போயிடுச்சு. ஆனா மாசம் ஒரு தடவை வந்தா உடம்புக்கு நல்லா இருக்கு. அதுக்கும் போடலாமா?

வரலாம், இன்ஷூரன்ஸில் போட முடியாது. அவர்கள் பணம் கொடுப்பது மருத்துவத் தேவைக்கு. அந்தத் தேவைக்கு ஒரு தொடக்கமும், அளக்கக்கூடிய முன்னேற்றமும், ஒரு முடிவும் இருக்க வேண்டும். முன்னேற்றம் நின்ற பிறகு தொடர்வதைப் பராமரிப்புச் சிகிச்சை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அதனால்தான் ஒவ்வொரு முறையும் "வலி பத்துக்கு எத்தனை? எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது? மாடிப்படி ஏற முடிகிறதா?" என்று எங்கள் அக்குபஞ்சரிஸ்ட் கேட்கிறார். நம் ஆட்கள், அதிலும் பெரியவர்கள், "பரவாயில்லைம்மா, நல்லா இருக்கேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். அந்த "நல்லா இருக்கேன்" ஃபைலில் ஏறினால் அடுத்த கிளெய்முக்குத் தேவை என்ன என்று கேள்வி வரும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், இருப்பதைச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரம் படுத்திருந்தேன், பில்லுல 30 நிமிஷம்தான் இருக்கு. ஏன்?

ஊசி உடம்பில் இருக்கும் நேரத்துக்குப் பணம் இல்லை. அக்குபஞ்சரிஸ்ட் உங்கள் அருகில் இருந்து, உங்களை மட்டும் கவனித்த நேரத்துக்குத்தான் பணம். 2005 முதல் நடப்பில் உள்ள நான்கு கோடுகளும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. 97810 என்பது மின்தூண்டல் (ஊசி வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்துவது) இல்லாத முதல் 15 நிமிடம். 97811 கூடுதலான ஒவ்வொரு 15 நிமிடமும். மின்தூண்டல் இருந்தால் 97813, அதன் கூடுதல் நேரத்துக்கு 97814. ஒரே நாளில் 97810, 97813 இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. முதல் 15 நிமிடம் ஒன்றுதானே இருக்க முடியும்.

கூடுதல் கோடு போட வேண்டுமென்றால் நேரம் மட்டும் போதாது, ஊசியை மீண்டும் போட்டிருக்க வேண்டும். முதல் தடவை முதுகில், திரும்பிப் படுத்த பிறகு முன்பக்கம் என்றால் கணக்கு சரி. போட்டுவிட்டு விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டால், நீங்கள் குறட்டை விட்ட 40 நிமிடம் கணக்கில் வராது. மூன்று அறைகளில் மூன்று பேரை ஒரே சமயத்தில் பார்க்கும் கிளினிக் மூவருக்கும் முழு மணி நேரம் பில் போட்டால் அது பொய்க்கணக்கு.

எங்க ஊர்ல ஊசியே இல்லாம விரலால தொட்டே அக்குபஞ்சர் பண்ணுவாங்க. இங்க ஒருத்தர் அப்படிச் செய்யறார். பில் போட முடியுமா?

தமிழ்நாட்டில் தொடுசிகிச்சை எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள். மேலே சொன்ன நான்கு கோடுகளின் விளக்கத்திலும் "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகள்" என்றே இருக்கிறது. ஊசி இல்லையென்றால் அந்தக் கோடு இல்லை. காதில் ஒட்டும் விதை, லேசர் ஆகியவற்றுக்கும் இதே பதில். அந்தச் சிகிச்சை பலன் தருமா என்பது வேறு விவாதம். பில்லிங்கில் அதற்கு இடமில்லை.

கப்பிங், மூலிகை மாத்திரை எல்லாம் சேர்த்துப் போடலாமா?

கப்பிங்குக்கும் (தோலில் கிண்ணம் பதித்து இழுப்பது) மோக்ஸாவுக்கும் (மூலிகையை எரித்துச் சூடு காட்டுவது) தனிக் கோடு கிடையாது, பெரும்பாலும் கைப்பணம்தான். மூலிகைக்கும் அப்படியே. முதல் விசிட்டில் விரிவாகப் பரிசோதித்தால் அந்தப் பரிசோதனைக்குத் தனிக் கோடும் 25 என்ற மாடிஃபயரும் (கோடோடு சேர்க்கும் துணை எண்) சேர்த்துப் போடலாம். ஒவ்வொரு விசிட்டுக்கும் அதைப் போடுகிற கிளினிக்கை இன்ஷூரன்ஸ் கவனிக்க ஆரம்பித்துவிடும்.

கிளினிக் நெட்வொர்க்லயே இல்லை. சூப்பர்பில் தர்றோம்கிறாங்க. அதை வச்சு நான் என்ன பண்றது?

முழுக் கட்டணத்தையும் நீங்கள் கொடுத்துவிட்டு, பிறகு நீங்களே இன்ஷூரன்ஸிடம் கேட்பதற்கான விவரச் சீட்டு அது. வெறும் கிரெடிட் கார்டு ரசீது உதவாது. உங்கள் பெயர், பிறந்த தேதி, சிகிச்சை நாள், சிகிச்சைக் கோடு, நோய்க் கோடு, ஒவ்வொன்றுக்கும் கட்டணம், நீங்கள் செலுத்திய தொகை, அக்குபஞ்சரிஸ்டின் லைசென்ஸ் எண், சிகிச்சை தருபவரின் பத்து இலக்க அடையாள எண்ணான என்பிஐ, கிளினிக்கின் வரி எண் எல்லாம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இன்ஷூரன்ஸ் தளத்தில் உள்ள மெம்பர் கிளெய்ம் படிவத்தோடு ஏற்றிவிடலாம். கடைசித் தேதி பிளானுக்கு பிளான் மாறும். வருடக் கடைசியில் மொத்தமாக அனுப்பலாம் என்று டிராயரில் சேர்த்து வைக்காதீர்கள்.

எவ்வளவு திரும்பும்? 120 டாலர் கொடுத்தீர்கள், நெட்வொர்க்குக்கு வெளியே அவர்கள் ஏற்கும் தொகை 80, அதில் 60 சதவீதம் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிடக்டிபிள் முடிந்திருந்தால் 48 டாலர் வரும். 120-க்கு 60 சதவீதம் என்று 72 வரும் என எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

கிளினிக்தான் பில் அனுப்பினாங்க, ஆனா செக் என் பேர்ல வீட்டுக்கு வந்துடுச்சு. வச்சுக்கலாமா?

கட்டணத்தை முன்பே முழுதாகக் கொடுத்திருந்தால் உங்களுடையது. கொடுக்காமல் இருந்தால் அது கிளினிக்குக்குச் சேர வேண்டிய பணம். செக்கோடு வரும் ஈஓபி என்ற விளக்கத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். பலர் அந்தத் தாளை பில் என்று நினைத்துப் பணம் கட்ட ஓடி வருகிறார்கள். ஈஓபி பில் அல்ல.

அப்பாவுக்கு மெடிகேர் இருக்கு. முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர் கூட்டிட்டு வரலாமா?

முழங்காலுக்கு அசல் மெடிகேர், அதாவது முதியவர்களுக்காக மத்திய அரசு நேரடியாக நடத்தும் இன்ஷூரன்ஸ், தராது. 2020 ஜனவரி 21 முதல் அது தருவது ஒரே ஒரு தொந்தரவுக்குத்தான்: 12 வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும் கீழ்முதுகுவலி. புற்றுநோய், தொற்று, அழற்சி போன்ற அடையாளம் காணக்கூடிய காரணத்தாலோ அறுவைசிகிச்சையாலோ வந்த வலியாக இருக்கக் கூடாது. முதலில் 90 நாட்களில் 12 விசிட். முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் 8. வருடத்துக்கு 20-க்கு மேல் இல்லை. பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) டிடக்டிபிளுக்குப் பிறகு 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும்.

"வருடம்" என்பதும் ஜனவரிக் கணக்கு இல்லை. முதல் விசிட் நடந்த மாதத்துக்குப் பிறகு முழுதாக 11 மாதம் கழிய வேண்டும். மார்ச் 21-ல் தொடங்கினால் அடுத்த மார்ச் 1-ல் புதுக் கணக்கு.

பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. லைசென்ஸ் பெற்ற அக்குபஞ்சரிஸ்ட் மெடிகேருக்கு நேரடியாக பில் அனுப்ப முடியாது. டாக்டர், நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்து, அவர் வழியாகத்தான் பில் போக வேண்டும். அதனால் தனியாக நடத்தும் நல்ல அக்குபஞ்சரிஸ்டுகள் பலரால் உங்கள் அப்பாவுக்கு மெடிகேரில் பார்க்க முடியாது. அபத்தமான விதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் விதி. தனியார் நிறுவனம் வழியாக வரும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளான் என்றால் கூடுதல் பலன் இருக்கலாம். போன் செய்து கேளுங்கள்.

அம்மா ஆறு மாசத்துக்கு விசிட்டரா வந்திருக்காங்க. விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோம்.

எதிர்பார்க்க வேண்டாம். திடீர் நோய், விபத்து ஆகியவற்றுக்காக எடுப்பது அது. ஊரிலிருந்தே இருக்கும் மூட்டுவலியைப் பழைய நோய் என்று தள்ளிவிடுவார்கள். கிரீன் கார்டில் ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்து, 65 வயதும் ஆகியிருந்தால் மாதச் சந்தா கட்டி மெடிகேரில் சேரலாம். அதன் எல்லை முந்தைய பதிலில் இருக்கிறது.

எச்எஸ்ஏ கார்டைத் தேய்க்கலாமா?

தேய்க்கலாம். எச்எஸ்ஏ என்பது மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் பணம் சேர்க்கும் கணக்கு. வரித்துறையின் 502ஆம் எண் வெளியீட்டில் அக்குபஞ்சர் மருத்துவச் செலவாகவே இருக்கிறது, கம்பெனி வழியாக வரும் அதே மாதிரிக் கணக்கான எஃப்எஸ்ஏவுக்கும் அதுவே. ஒரே டாலரை இரண்டு இடத்தில் கேட்கக் கூடாது, அவ்வளவே. சூப்பர்பில் உதாரணத்தில் 48 திரும்பி வந்தால் எச்எஸ்ஏவில் 72 மட்டும்தான்.

இன்ஷூரன்ஸே வேண்டாம், கேஷ் தர்றேன். குறைச்சுப் போடுவீங்களா?

அன்றே பணம் தருபவர்களுக்குக் கழிவு தரும் கிளினிக்குகள் உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாமலோ பயன்படுத்தாமலோ வருபவர்களுக்கு உத்தேசச் செலவை எழுத்தில் தர வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம். இறுதி பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாட்களுக்குள் முறையிடலாம்.

அப்ப கோபேயை மட்டும் விட்டுடுங்களேன், நம்ம ஆளுதானே?

கேட்பதில் தப்பில்லை, கிளினிக் விடுவதில்தான் தப்பு. கோபேயை வாடிக்கையாகத் தள்ளுபடி செய்தால் உண்மைக் கட்டணத்தை மறைத்ததாக இன்ஷூரன்ஸ் சொல்லும். மெடிகேர் என்றால் மத்தியச் சட்டமே பாயும். உண்மையிலேயே பணக் கஷ்டம் என்றால், அதை எழுத்தில் வாங்கி ஃபைலில் வைத்து, அந்த ஒருவருக்கு மட்டும் குறைக்க வழி இருக்கிறது.

எனக்கு 20 விசிட் முடிஞ்சுடுச்சு. வீட்டுக்காரர் பேர்ல போட்டுடுங்களேன், அவர் வரதே இல்லையே?

அக்கா, அதற்குப் பெயர் மோசடி. உங்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து.

கிளெய்மை மறுத்துட்டாங்க. விட்டுட வேண்டியதுதானா?

முதலில் ஈஓபியில் உள்ள காரணக் குறிப்பைப் படியுங்கள். பிறந்த தேதி பிழை, செல்லாத நோய்க் கோடு, முன் அனுமதி எண் விடுபட்டது போன்றவை என்றால் கிளினிக் திருத்தி அனுப்பினாலே போதும், அப்பீல் தேவையில்லை. "மருத்துவத் தேவை இல்லை" என்றால்தான் அப்பீல். மறுப்புக் கடிதம் கிடைத்து 180 நாட்கள் அவகாசம். வலி அளவும் நடமாட்டமும் தேதிவாரியாக உள்ள சிகிச்சைக் குறிப்புகள், குடும்ப டாக்டரின் கடிதம், பிளான் பத்திரத்தின் அந்தப் பக்கம் மூன்றையும் இணையுங்கள். கோபத்தை இணைக்க வேண்டாம்.

அதிலும் மறுத்தால் வெளியாரின் பரிசீலனை உண்டு. கலிபோர்னியாவின் நிர்வாக மருத்துவத் துறையின் (டிஎம்எச்சி) கீழ் வரும் பிளான் என்றால் அந்தத் துறையிடம் சுயேச்சை மருத்துவப் பரிசீலனை கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. முதல் பதிலில் சொன்ன கம்பெனிப் பண பிளான் என்றால் வழி வேறு, மத்திய விதிகளின்படி. கேட்க வேண்டிய இடம் மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும்.

நான் புதுசா கிளினிக் ஆரம்பிச்சிருக்கேன். போன வருஷம் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்ஷூரன்ஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. கட்டிடணுமா?

உடனே செக் எழுதாதீர்கள். கலிபோர்னியாவில் மாநில விதிக்குட்பட்ட பிளான், மோசடி இல்லாதபோது, பணம் கொடுத்த நாளிலிருந்து 365 நாட்களுக்குள்தான் அதிகம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் 30 வேலை நாட்களுக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும். தேதியை முதலில் பாருங்கள். எந்த நோயாளி, எந்த நாள், எந்தக் கோடு, ஏன் என்று கடிதம் தெளிவாகச் சொல்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு அந்த நாட்களின் குறிப்புகளை எடுங்கள். நேருக்கு நேர் இருந்த நிமிடங்கள், ஊசி போட்ட புள்ளிகள், மீண்டும் ஊசி போட்டது, உங்கள் கையெழுத்து நான்கும் இருந்தால் எதிர்த்து எழுதலாம். "97811 x 2" என்று பில்லில் இருந்து, குறிப்பில் நிமிடமே இல்லையென்றால் அந்தப் பணம் போனதுதான். குறிப்பை இப்போது உட்கார்ந்து எழுதிப் பழைய தேதி போடலாமா என்று கேட்காதீர்கள். மின்பதிவு மென்பொருளில் எழுதிய நேரம் தானாகப் பதிவாகியிருக்கும். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.